பிரேசில் மாப்பிள்ளை

வெளிநாட்டில் வேலை பார்க்கிறவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள் சுந்தரவல்லி. தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த அவளுடைய அப்பா நல்லசிவம், ஒருவழியாக ஒரு பிரேசில் மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டார். போய் வாழப்போகிற ஊராயிற்றே என்று அவளும் நூலகத்தில் அந்த நாட்டைப் பற்றித் தேடித் தேடிப் படித்தாள்.

பெண் பார்க்க வந்த கருணாகரன் பஜ்ஜியில் கை வைத்ததும், "அங்க என்ன பாஷை பேசுவாங்க?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"ஸ்பானிஷ்தாங்க. மூணு வருஷமா அதுலதான் பொழப்பு ஓடுது."

சுந்தரவல்லியின் முகம் மாறியது.

"அர்ஜென்டினா, பெருவுலதான் ஸ்பானிஷ். பிரேசில்ல போர்ச்சுகீஸ். நீங்க அங்க போனதே இல்ல, அப்படித்தானே?"

கருணாகரன் பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டு, பரிதாபமாக நல்லசிவத்தைப் பார்த்தான்.

"என்ன மாமா, ஸ்பானிஷ்னுதானே சொல்லிக் குடுத்தீங்க?"