ஓசிக் காற்று

ஜன்னல்கள் அத்தனையும் சாத்தியிருந்தன. போதாததற்கு இடுக்கெல்லாம் பழுப்பு நிற டேப் வேறு ஒட்டியிருந்தது. வேன் ஓட்டிவிட்டு அப்போதுதான் வீடு வந்த தம்பி, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கத்தினான்.

"யாரைக் கேட்டு இதையெல்லாம் ஒட்டினே?"

"யாரைக் கேக்கணும்? திறந்து வச்சா புள்ளைக்கு இழுப்பு அதிகமாகுது," என்றாள் அவன் மனைவி.

அவள் தோளில் சாய்ந்தபடி ஆறு வயதுச் சுண்டு மூச்சுக்குத் திண்டாடிக்கொண்டிருந்தான். இழுக்கும் ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு குழிந்து குழிந்து எழுந்தது. பார்க்கப் பார்க்கத் தம்பியின் பயமெல்லாம் கோபமாக வந்தது.

"நல்ல காத்து வேணும்னுதானே இந்த வீட்டுக்கே வந்தோம்? அதையே அடைச்சு வச்சா அவன் எப்படிடி தேறுவான்?"

பரபரவென்று டேப்பைக் கிழித்து ஜன்னலைத் திறந்தான். எதிரே கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பச்சைப் பசேலென்று மரங்கள். அதைப் பார்த்ததும் அவனுக்கு அண்ணன் ஞாபகம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

அவர்களுடைய பழைய வீடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்தது. காலையில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை சாயங்காலம் சாம்பல் நிறத்தில் வீட்டுக்குள் வரும். சுண்டுவுக்கு அவ்வப்போது இழுப்பு வர ஆரம்பித்ததும் டாக்டர், "மருந்து பாதி, நல்ல காத்து பாதி. மரம் இருக்கிற இடமாப் பாருங்க," என்று சொல்லிவிட்டார். சொல்வதற்கு என்ன, வேன் ஓட்டிப் பிழைப்பவன் மரத்துக்கு எங்கே போவான்?

அப்போதுதான் அண்ணன் வந்தார். யாரும் கூப்பிடாமல், தானாகவே வந்தார்.

"வீட்டை மாத்திக்கலாம்டா. என் வீட்டை நீ எடுத்துக்கோ, உன் வீட்டுக்கு நாங்க வந்துடறோம். எங்க பொண்ணு ஹாஸ்டல்ல நல்லாப் படிக்கிறா. நாங்க கிழடுங்க ரெண்டு பேரு, எந்தப் புகையில கிடந்தா என்ன?"

"அண்ணே, உனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்?"

"தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்டா."

தம்பி அவரைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டான். இந்தக் காலத்தில் எந்த அண்ணன் இப்படிச் செய்வான், சொல்லுங்கள்!

வீடு பார்க்கப் போன அன்று, அண்ணி தொட்டிச் செடிகளின் இலைகளை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். செடியைக்கூடப் பெற்ற பிள்ளை மாதிரி பார்க்கிறாளே என்று தம்பி உருகிப்போனான்.

"இவ்வளவு மரத்தையும் யாருண்ணே நட்டது?"

"அந்தப் பக்கம் ஒரு ஃபேக்டரி இருக்கு. அவனே நட்டு, அவனே தண்ணியும் ஊத்தறான். நமக்கு ஓசிக் காத்து!" என்று சிரித்தார் அண்ணன்.

திரும்பி வரும் வழியில் தம்பியின் மனைவி முணுமுணுத்தாள். "பழைய பேப்பரைக்கூடச் சும்மா குடுக்காதவராச்சே உங்கண்ணன்?"

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்காதே," என்று அவள் வாயை அடைத்தான் அவன். பத்திரம் மாற்றி எழுதியாயிற்று, குடியும் வந்தாயிற்று. ஆனால் எப்போதோ வந்துகொண்டிருந்த சுண்டுவின் இழுப்பு இங்கே வந்தபின் ஓயவே இல்லை.

காரணம் இதோ, கிழிந்து தொங்குகிற டேப்! அண்ணன் வீட்டையே தூக்கிக் கொடுத்தார். கட்டிய பெண்டாட்டியோ கூடவே இருந்து முதுகில் குத்துகிறாள். தம்பிக்கு நெஞ்சு கொதித்தது.

"எனக்குப் புரிஞ்சு போச்சு. உனக்கு உங்கம்மா வீட்டுப் பக்கத்துலேயே இருக்கணும். புள்ளைக்கு நல்லாகலைன்னா பழைய இடத்துக்கே போயிடலாம்னு கணக்குப் போட்டே, இல்ல?"

அவள் அப்படியே விக்கித்துப்போனாள். "பெத்தவளைப் பார்த்துக் கேக்கற கேள்வியா இது?"

"பெத்தவ செய்யற வேலையா இது?"

அவள் சுண்டுவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது.

"அழுது மயக்காதே. அண்ணன்கிட்டயே சொல்றேன். அவரே உன்னை நாக்கைப் பிடுங்கற மாதிரி நாலு கேள்வி கேக்கட்டும்."

"தாராளமாச் சொல்லுங்க."

அவள் காதிலும் நன்றாக விழட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு அண்ணனைக் கூப்பிட்டான். எடுத்தது அண்ணன் மகள்.

"சித்தப்பாவா? அப்பா குளிக்கிறாங்க. சுண்டு என்ன பண்றான்?"

"பாப்பா, நீயா! ஹாஸ்டல்லேருந்து எப்பம்மா வந்தே? லீவா?"

"லீவெல்லாம் இல்லை சித்தப்பா. ஹாஸ்டலையே விட்டுட்டேன். இனிமே வீட்லேருந்துதான் ஸ்கூலுக்குப் போகப்போறேன்!" குரலில் குதூகலம் பொங்கியது.

"அங்கதானே நல்லாப் படிச்சுக்கிட்டிருந்தே? ஏன் திடீர்னு?"

"அதான் அந்த வீட்டை விட்டு வந்தாச்சே சித்தப்பா, இனிமே எனக்கு இழுப்பே வராதுன்னு அப்பா சொல்லிட்டாங்க!"