சிவப்பு வயரின் புதுச் சட்டை

மகிழினி வகுப்பில் பேட்டரியையும் குட்டி பல்பையும் இணைக்க இரண்டு வயர்களை எடுத்தாள். கறுப்பு வயர் தன் நுனியைச் சமர்த்தாக உரிக்கவிட்டது. சிவப்பு வயரோ கத்தரிக்கோலுக்குப் பிடிகொடுக்காமல் வழுக்கியது.

"புதுச் சட்டை. கிழிக்க விடமாட்டேன்!"

மகிழினி சலித்துப்போய் அதை அப்படியே டேப் போட்டு ஒட்டினாள். பல்பு எரியவில்லை.

"பல்பு ஃபியூஸ் போயிடுச்சு" என்று அதைக் குப்பைக்கூடையில் போடப் போனாள்.

"ஐயோ, நான் நல்லாத்தான் இருக்கேன்!" என்று பல்பு அலறியது.

சிவப்பு வயருக்கு மனசு கேட்கவில்லை. டேப்பிலிருந்து நழுவி, கத்தரிக்கோலின் வாயிலேயே போய் விழுந்தது.

"அட, உன்னை உரிக்கவே இல்லையே!" என்று மகிழினி நுனியை உரித்து, எல்லாவற்றையும் மறுபடி இணைத்தாள்.

பல்பு எரிந்தது. வகுப்பே ஓடிவந்து சுற்றி நின்றது.

"எல்லாரும் என்னையா பார்க்கிறாங்க?" என்று சிவப்பு வயர் கூச்சத்தோடு கேட்டது.

"ஒருத்தர்கூட இல்லை" என்றது கறுப்பு வயர்.