மின்சாரம் நிறுத்தப்பட்டது

நாற்பத்தெட்டு வயதில் எலெக்ட்ரீஷியன் படிப்பு. செய்முறைத் தேர்வில் இரண்டு முறை தோற்றாயிற்று. இன்றும் தோற்றால் மங்கையர்க்கரசியின் பெயரை ஐ.டி.ஐ. நீக்கிவிடும்.

ஸ்விட்ச்போர்டின் மூடியைக் கழற்றிவிட்டு, "மெயினை ஆஃப் பண்ணு," என்றாள் தேர்வு அறையிடம். இப்போதெல்லாம் வீடுகளிடம் அப்படித்தான் சொல்லவேண்டும்.

"மின்சாரம் நிறுத்தப்பட்டது. நீங்கள் தொடலாம்," என்றது அறை.

அது அவளுடைய குரல். அவள் அறிவிப்பாளராக இருந்த வானொலி நிலையத்தை மூடிய வருடம் ஒன்பது நாள் உட்கார்ந்து பதிவு செய்து கொடுத்தது. ஊரிலுள்ள வீடுகள் எல்லாம் அந்தக் குரலில்தான் பேசுகின்றன. முதல் முறை அதை நம்பிக் கம்பியைத் தொட்டாள்; தேர்வுக்கென்று விட்டிருந்த லேசான மின்சாரம் சுண்டியது. இரண்டாம் முறை பொய் என்று தெரிந்தும் தொட்டாள்.

அலுப்போடு டெஸ்டரை எடுத்துக் கம்பியில் வைத்தாள். டெஸ்டரின் விளக்கு எரிந்தது; கம்பியில் மின்சாரம் இருந்தது.

"அப்பாடா, பாஸ்மா!" என்றார் தேர்வாளர் சேவியர். "பரீட்சையில அது வேணும்னே பொய் சொல்லும்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா அவ்ளோ அக்கறையா சொல்லுதா, கை தானாப் போயிடுது. நீங்க எப்படி நம்பாம இருந்தீங்க?"

"அது நான்தான் சார். எழுதிக் குடுத்ததைப் படிச்சேன். கரண்ட் இருக்கா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"