நீலப் பூசணிப்பூ

வேலியோரம் விடிகாலையில் ஒரு பூசணிப்பூ விரிந்தது. வெயில் ஏறினால் சுருங்கிவிடும். அதற்குள் தேனீ வந்தாக வேண்டும்.

வீட்டுக்காரி அதைக் கைபேசியில் படம் பிடித்தாள். மஞ்சள் அவளுக்குப் பிடிக்கவில்லை. விரலால் தடவித் தடவிப் படத்தில் பூவை நீலமாக்கினாள். கைபேசியைப் பக்கத்துக் கல்லில் வைத்துவிட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் விடப் போனாள்.

“பார்த்தாயா? இப்படி இருந்தால்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்” என்றது கைபேசி.

“அழகுதான். ஆனால் நான் மஞ்சள்” என்றது பூ.

அப்போது, வேறொரு பூசணிப்பூவின் மகரந்தம் காலெல்லாம் ஒட்டியிருக்க, ஒரு தேனீ வந்தது. நீலத்தைக் கண்டதும் நேரே கைபேசியில் போய் இறங்கியது. பூவுக்குத் திக்கென்றது. ஆனாலும் அது இதழை மடக்கவில்லை.

தேனீ கண்ணாடியில் வழுக்கியது. நாலு பக்கமும் முட்டிப் பார்த்தது.

“என்னப்பா, வாசலே வைக்காமல் வீடு கட்டியிருக்கிறாய்!” என்று சலித்துக்கொண்டு பறந்தது. மஞ்சள் பூவுக்குள் நுழைந்து, ஆசை தீரக் குடித்துவிட்டுப் போனது.

வெயில் ஏறியது. பூ சுருங்கியது.

“அடடா, வாடிவிட்டாயே! என்னிடம் நீ இன்னும் விரிந்தே இருக்கிறாய்” என்றது கைபேசி.

“கொஞ்சம் மெல்லப் பேசு” என்றது பூ. “எனக்குக் கீழே பிஞ்சு பிடித்திருக்கிறது.”