தட்டில் முளைத்த கட்டைவிரல்

உலகத்திலுள்ள பூஞ்சைகள் இரண்டே வகைதான்: பிரிட்டோ பெயர் சொல்லிவிட்டவை, இனிமேல் சொல்லப்போகிறவை. எங்கள் தாவர நோயியல் துறையில் இதை நம்பாத ஒரே ஆள் வசுமதி. ஆய்வுக்காக அவள் வளர்த்த குரோட்டன்ஸ் செடிகளில் கரும்புள்ளி விழுந்திருந்தது. வரிசை முழுக்கப் பரவினால் பிடுங்கி எரித்துவிடச் சொல்லிவிட்டார் துறைத்தலைவர். பிரிட்டோ தினமும் ஈரம் சொட்டும் இலைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து நோயின் பெயரைத் தேடினான். வசுமதியோ அடுத்த செடிக்குப் போகுமுன் கைகளை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்வாள்.

“ஏன் வசு, செடிக்குச் செடி பூஜையா? தேங்கா ஒண்ணுதான் குறைச்சல்” என்றான் பிரிட்டோ.

அவள் பூஞ்சை வளர்க்கும் கண்ணாடித் தட்டு ஒன்றை நீட்டினாள். “கட்டைவிரலை இதுல அழுத்து.”

கைநாட்டு வைப்பவனைப் போலச் சிரித்துக்கொண்டே அழுத்தினான்.

ஒரு வாரத்தில் தட்டில் ஒரு கட்டைவிரல் முளைத்திருந்தது. சாம்பல் நிறப் பஞ்சாக, அவன் விரலின் குறுக்கே ஓடும் பழைய தழும்புக்கு மட்டும் இடம் விட்டு. வசுமதி அதில் துளி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள். புள்ளி விழுந்த இலையில் இருந்த அதே பூஞ்சை வித்துகள்.

“பேரு சொல்லேன்” என்றாள்.

பெயர் தெரியும். பிரிட்டோ ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். குரோட்டன்ஸ் வரிசையில், அவன் தினமும் நடந்த திசையிலேயே புள்ளிகள் செடிக்குச் செடி பரவிக்கொண்டு போயிருந்தன.

மறுநாள், புள்ளி விழாத கடைசிச் செடிகளின் முன் நின்று, பிரிட்டோ ஸ்பிரிட் பஞ்சால் விரல் விரலாகத் துடைத்தான். பிறகும் இலையைத் தொடவில்லை. புதுப் பஞ்சு எடுத்தான்.