முதுகில் தேன்

“இவ்வளவு நாள் தேன் வெச்சும் புண்ணு ஆறலைன்னா எப்படி தம்பி? முதுகுல தடவினீங்களா, இல்ல ரொட்டியில தடவினீங்களா?” என்று கேட்டார் கட்டு மாற்றும் நர்ஸ்.

“என் முதுகை நான் எங்க பார்த்தேன் சிஸ்டர்?” குப்புறப் படுத்தபடியே சொன்னான் அவன். “அந்தக் காலத்துல முதுகுல புண் பட்டா வீரன் வெட்கத்துல உயிரை விட்டுடுவானாம். எனக்குச் சட்டை ஒட்டிக்கிச்சு, அவ்வளவுதான்.”

நர்ஸ் சிரிக்கவில்லை. தோள்பட்டைக்குக் கீழே கட்டியைக் கீறிய இடத்தில் புகுந்த கிருமி எந்த மாத்திரைக்கும் ஊசிக்கும் அடங்கவில்லை. கடைசியாகத்தான், சுத்திகரித்த மருத்துவத் தேனை வைத்துக் கட்டச் சொன்னார் டாக்டர். அதற்கும் ஆறாவிட்டால் சதையை வெட்டியெடுத்துத் தோல் ஒட்ட வேண்டும்.

“வீட்டுல யார் கட்டு மாத்துறாங்க?”

“அத்தை. வெளியில உட்கார்ந்திருக்காங்களே, அவங்கதான். என் மனைவி தவறிட்டா. அவளோட அம்மா. தினம் ரெண்டு பஸ் மாறி வருவாங்க. கட்டை மாத்தி, சோறு போட்டு, நான் தின்னு முடிக்கிற வரைக்கும் திட்டுவாங்க. தண்டச் சோத்துக்குத் தொட்டுக்க வேணும்ல.”

“புண்ணைப் பத்தி என்ன சொல்றாங்க?”

“‘இன்னும் ஈரமாத்தான் இருக்கு மாப்பிள்ளை.’ தினமும் அதே பல்லவி. மகளே இல்லாத வீட்டுக்கு எதுக்கு அலையுறீங்கன்னு கேட்டா, ‘புண்ணு ஆறட்டும், அப்புறம் நான் எதுக்கு வரப்போறேன்’னு சொல்வாங்க.”

“வலி இருக்கா?”

“ஆபீஸ்ல திட்டு வாங்கியே மரத்துப்போன முதுகு சிஸ்டர். எறும்புதான் தொல்லை. முதல்ல படையெடுத்து வரும். கட்டில் காலுக்கெல்லாம் தண்ணிக் கிண்ணம் வெச்சேன். இப்ப கிண்ணமே வைக்கிறதில்ல, ஆனாலும் ஒண்ணுகூட எட்டிப் பார்க்கல. எறும்புக்கும் என்னைச் சலிச்சுப்போச்சு.”

நர்ஸ் பிளாஸ்திரியை உரித்தார். உள்ளே இருந்த துணி காய்ந்து, வெள்ளையாக இருந்தது. விளக்கை அருகில் இழுத்து, விரலால் அழுத்திப் பார்த்தார்.

“தம்பி, இது ஆறி ரொம்ப நாளாச்சு. வெறும் தழும்புதான் இருக்கு. தேன் வெச்ச சுவடே இல்ல.” அவர் குரல் கடுகடுத்தது. “உங்க அத்தை உங்களை நல்லா ஏமாத்தியிருக்காங்க. வெளியிலதானே இருக்காங்க? கூப்பிட்டு நாலு கேள்வி கேக்குறேன்.”

அவன் எழுந்து உட்கார்ந்தான். கதவுக் கண்ணாடி வழியாக அத்தை தெரிந்தார். மடியில் சாப்பாட்டுப் பை. பார்வை கதவைவிட்டு நகரவில்லை.

“வேண்டாம் சிஸ்டர். எறும்பு வர்றது நின்னப்பவே எனக்குத் தெரியும்.”

நர்ஸ் அவனையே பார்த்தார். அவன் முதுகைத் திருப்பிக் காட்டினான்.

“கட்டிவிட்டுடுங்க.”