இருபத்தி நாலில் ஒரு பங்கு

“படுக்கையை இன்னும் கொஞ்சம் பின்னாடி தள்ளும்மா. அவ்வளவு முன்னாடி இருந்தா கால் நீட்ட முடியாது.”

தாழிட்ட சாமான் அறைக்குள்ளிருந்து வந்தது ஆண் குரல். வெளியே செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றிருந்த ஹாரனுக்கு நெஞ்சு திக்கென்றது.

ஹாரன் என்பது கூட வேலை பார்க்கும் டிரைவர்கள் வைத்த பெயர். டிரெய்லர் லாரி ஓட்டுகிறவன்; வாயைத் திறந்தால் அடுத்த தெருவே ஒதுங்கி வழிவிடும். இன்றைக்கு மட்டும் மூச்சுக்கூட விடாமல் கதவில் காதை ஒட்டி வைத்திருந்தான். நாளை மறுநாள்தான் வருவேன் என்று சொல்லிவிட்டு, பாதி வழியில் வண்டியை இன்னொரு டிரைவரிடம் ஒப்படைத்து, பட்டப்பகலில் பஸ் பிடித்து வந்து குதித்திருக்கிறான்.

“சீக்கிரம் சொல்லுங்கண்ணே. அவரு வர்றதுக்குள்ள முடிச்சாகணும்.” இது அவன் மனைவி.

அண்ணனாம், அண்ணன்!

ஒரு மாதமாகவே அவனுக்கு மனசு சரியில்லை. முன்பெல்லாம் போனில் “எங்க இருக்கீங்க, சாப்பிட்டீங்களா” என்று பிடுங்கி எடுப்பவள், இப்போது “எப்ப வருவீங்க?” என்று மட்டும் கேட்டுவிட்டு டக்கென்று வைத்துவிடுகிறாள். போன தடவை வந்தபோது அவள் விரலெல்லாம் சிவப்பு நெயில் பாலிஷ். நகத்தில் மட்டும் ஒரு பொட்டு இல்லை. சாமான் அறைக்குப் புதுப் பூட்டு வேறு. கேட்டால், “எலி வருதுங்க” என்றாள். பூட்டைத் திறந்துகொண்டு வரும் எலியை அவன் எந்த ஊரிலும் பார்த்ததில்லை.

பதினோரு வருஷமாக ரோட்டிலேயே கிடப்பவன். ஆள் இல்லாத நேரத்தில் என்னென்ன நடக்கும் என்று அவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

“மேல சின்னதா ஒரு லைட்டு வருமே, வச்சியாம்மா?” என்றது குரல். “அதை வச்சாத்தான் உள்ள களை கட்டும்.”

இப்போது குரல் யாருடையது என்று பிடிபட்டுவிட்டது. டிப்போ மெக்கானிக்! போன வாரம்கூட ஹாரன் வாங்கிக் கொடுத்த டீயை உறிஞ்சிக் குடித்தவன். குடித்த டீக்காவது விசுவாசம் வேண்டாமா?

“திறடி கதவை!”

உள்ளே ஏதோ உருண்டு விழுந்தது. தாழ்ப்பாள் விலகியதும் அவளைத் தள்ளிக்கொண்டு நுழைந்தான். கதவுக்குப் பின்னால் பார்த்தான், மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தான், அலமாரியைத் திறந்து பார்த்தான். ஈ, காக்கா இல்லை. மேசைமேல் சாய்த்து வைத்த செல்போனில் மட்டும் கிரீஸ் அப்பிய முகம் ஒன்று தெரிந்தது. “ஐயையோ, வந்துட்டாரா!” என்று அலறிவிட்டு மறைந்தது.

செல்போனுக்குப் பக்கத்தில் ஒரு முழ நீளத்துக்கு நின்றது அவனுடைய லாரி.

அவனுடையதேதான். அதே பச்சை, அதே மஞ்சள் கோடு, கூரைமேல் அதே ரெட்டை ஹாரன். இடது பம்பரில் போன வருஷம் விழுந்த நசுங்கல்கூட அப்படியே இருந்தது. சுற்றிலும் உப்புத்தாள், பசை, வெட்டியெடுத்த பிளாஸ்டிக் துண்டுகள். பின்விளக்குகளில் நெயில் பாலிஷ் இன்னும் காயவில்லை.

“நிஜ வண்டி அளவுல இருபத்தி நாலுல ஒரு பங்குங்க,” என்றாள் அவள், கண் கலங்க. “அடுத்த வாரம் நம்ம கல்யாண நாள். துண்டு துண்டா ஒட்டிச் செய்யற பொம்மை லாரி வாங்கினேன், டப்பாவுல சாதா வண்டியாத்தான் வந்துச்சு. உங்க வண்டி மாதிரியே இருக்கணும்னு ஒவ்வொண்ணா மாத்தினேன்.”

“அவன்கிட்ட என்னடி பேச்சு?”

“வெளிப்பக்கத்தை போட்டோவுல பார்த்துக்கிட்டேன். உள்ள எப்படி இருக்கும்னு எனக்கு எங்க தெரியும்? பதினோரு வருஷத்துல ஒரு நாள் ஏத்தியிருக்கீங்களா?”

“பொம்பளை ஏறினா கம்பெனி சீட்டைக் கிழிச்சுடும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!”

“அதனாலதான் அண்ணன்கிட்ட கேட்டேன்.”

ஹாரனின் குரல் இறங்கிவிட்டது. வெட்கமாக இருந்தது அவனுக்கு. இவளைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று தன்மேலேயே கோபமும் வந்தது. “மன்னிச்சுடும்மா. நான் என்னென்னவோ நினைச்சுட்டேன்.”

“அது தெரிஞ்சுதே! மூணு தட்டு அலமாரி, அதுல போய் ஆளைத் தேடுறீங்க.” மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள். “சரி, உள்ள பாருங்க. இன்னும் எதுவும் விட்டுப் போச்சான்னு நீங்களே சொல்லுங்க.”

ட்வீசரால் நெம்பிக் கூரையை எடுத்தாள். ஸ்டியரிங், கியர், கிழிந்த சீட்டு என்று அவன் ஆசையாகப் பார்த்துக்கொண்டே வந்தான். சீட்டுக்குப் பின்னால் நீல விரிப்புப் போட்ட குட்டிப் படுக்கை. அதன்மேல் கட்டைவிரல் நக அளவில், பக்கத்தில் பக்கத்தில், இரண்டு தலையணைகள்.

ஹாரனுக்கு முகம் வெளுத்தது. குப்பென்று வியர்த்தது.

“இ... இதையும் அவன்தான் சொன்னானா?”

“எதைங்க?”

“அவன் பேச்சை நம்பாதே! பொறாமை பிடிச்சவன். அவ ஏறினது ரெண்டே ரெண்டு ட்ரிப்புதான். அதுவும் பஸ் கிடைக்கலைன்னு கெஞ்சினா...”

அவள் கூரையை மெதுவாக மேசைமேல் வைத்தாள். காலி டப்பாவை அவன் பக்கம் நகர்த்தினாள்.

“அண்ணன் ஒண்ணும் சொல்லலைங்க. இதுல ரெண்டு தலையணை இருந்துச்சு, ரெண்டையும் ஒட்டினேன்.”

ட்வீசர் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

“எவ அவ?”